இமயத்துப் பூவும் நம் தோட்டத்துப் பால்மரமும்: ஜோசப் ஹூக்கரின் கதை

கேமரன் மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஸ்ட்ராபெரி, சோளம், தேயிலைத் தூளோடு ஒரு பூச்செடித் தொட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு வருவதுண்டு. இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் கொத்துக் கொத்தாகப் பூக்கும் அசேலியா செடி அவற்றில் ஒன்று. மலையில் செழித்து நின்ற அந்தச் செடி, ஈப்போவுக்கோ கிள்ளானுக்கோ வந்ததும் முகம் வாடிவிடும். நம் ஊர் வெக்கை அதற்கு ஒத்துக்கொள்ளாது.

அசேலியா தனிச் செடி அல்ல. ரோடோடென்ட்ரான் என்ற பெரிய பூச்செடிக் கூட்டத்தைச் சேர்ந்தது. உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரோடோடென்ட்ரான் வகைகள் இருக்கின்றன. முழங்கால் உயரம்கூட எட்டாத புதர்களும் உண்டு, வீட்டுக் கூரையைத் தாண்டி வளரும் மரங்களும் உண்டு. இமயமலையிலும் தென்மேற்குச் சீனாவிலும் மட்டுமல்லாமல் நம் சபாவின் கினாபாலு மலையிலும் இவை பூக்கின்றன.

இந்தப் பூக்களின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மனிதர் ஜோசப் டால்டன் ஹூக்கர். 19ஆம் நூற்றாண்டில் உலகின் தலைசிறந்த தாவரவியலாளர்களில் ஒருவர். சார்ல்ஸ் டார்வினின் மிக நெருங்கிய நண்பர். அவருடைய வாழ்க்கையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அவர் தலைவராக இருந்த லண்டன் கியூ தாவரப் பூங்காவிலிருந்துதான் ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கும் பேராக்கிற்கும் வந்தன. நம் முன்னோரில் பெரும்பகுதியினர் கடல் கடந்து இங்கே வர அந்த மரமே காரணம்.

பெயர் வந்த வழி

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். ரோடோடென்ட்ரான் கிரேக்க மொழிச் சொல். ரோடோன் என்றால் ரோஜா, டென்ட்ரான் என்றால் மரம். இரண்டும் சேர்ந்து ரோஜா மரம். நம் இலக்கணத்தில் சொல்வதானால் இது காரணப்பெயர்.

ஆனால் பழங்காலக் கிரேக்கர்கள் இந்தப் பெயரைச் சொன்னபோது அவர்கள் மனத்தில் இருந்தது இன்றைய ரோடோடென்ட்ரான் அல்ல. அவர்கள் ரோஜா மரம் என்று அழைத்தது நம் கோயில் வாசலில் நிற்கும் அரளியை. ரோஜா நிறத்தில் பூக்கும் மரம் என்பதால் அரளிக்கு அந்தப் பெயர் பொருந்தியது. பல நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் அதே பெயரை ஆல்ப்ஸ் மலையில் பூக்கும் வேறொரு புதருக்கு மாற்றினார்கள். 1753இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய தம் நூலில் ரோடோடென்ட்ரான் என்ற பெயரை இந்தப் புதர்க் கூட்டத்துக்கே உறுதிசெய்தார். அரளிக்கு நீரியம் என்ற பெயர் நிலைத்தது.

அதே நூலில் அசேலியாவை லின்னேயஸ் தனியாகப் பிரித்து வைத்தார். உலர்ந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. வறண்ட நிலத்தில் வளரும் செடி என்று அவர் கருதினார். உண்மையில் இந்தக் கூட்டத்துக்குப் பிடித்தது ஈரமான, குளிர்ந்த, புளிப்புத் தன்மையுள்ள மண். தேயிலையும் அப்படிப்பட்ட மண்ணைத்தான் கேட்கும். பின்னாளில் அசேலியாவும் ரோடோடென்ட்ரானும் ஒன்றே என்று சேர்த்துவிட்டார்கள்.

அரளிக்கும் ரோடோடென்ட்ரானுக்கும் உறவு இல்லை. ஆனாலும் ஒரு குணம் ஒன்றுபோல அமைந்தது: இரண்டிலும் நஞ்சு உண்டு. கி.மு. 401இல் கருங்கடல் கரையோரம் நடந்து வந்த கிரேக்கப் படைவீரர்கள் அங்கே கிடைத்த தேனை உண்டு, நிற்க முடியாமல் சாய்ந்தார்கள் என்று அவர்களின் தளபதி செனோபன் எழுதி வைத்திருக்கிறார். மூன்று நான்கு நாளில் எழுந்துவிட்டார்கள். அது ரோடோடென்ட்ரான் பூவிலிருந்து தேனீக்கள் எடுத்த தேன் என்று இன்று அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

தகப்பனார் வழியில் மகன்

ஜோசப் ஹூக்கர் 1817 ஜூன் 30ஆம் நாள் இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் உள்ள ஹேல்ஸ்வொர்த் என்ற ஊரில் பிறந்தார். தந்தை வில்லியம் ஹூக்கரும் தாவரவியலாளர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராக இருந்தார். ஏழு வயதிலேயே மகன் ஜோசப் தந்தையின் வகுப்பில் போய் உட்காரத் தொடங்கிவிட்டார்.

வெறும் செடி ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க முடியாத காலம் அது. ஜோசப் மருத்துவம் படித்து 1839இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, தென்துருவம் நோக்கிப் புறப்பட்ட எரெபஸ் என்ற கப்பலில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். வயது 22. நான்கு ஆண்டுகள் கடலில் கழிந்தன. நியூசிலாந்து, தாஸ்மேனியா, பனித் தீவுகள் என்று கப்பல் நின்ற இடமெல்லாம் இறங்கிச் செடி சேகரித்தார். அந்தப் பயணத்தின்போது அவருடைய அண்ணன் ஜமைக்காவில் இறந்துபோனார். தம்பிக்குச் சேதி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

1843இல் திரும்பி வந்தபோது தந்தை கியூ பூங்காவின் இயக்குநராகியிருந்தார். மகனுக்கு டார்வினின் நட்பு கிடைத்தது. உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற தம் கருத்தை டார்வின் 1844 ஜனவரியில் ஒரு கடிதத்தில் ஹூக்கரிடம் மனம் திறந்து தெரிவித்தார். வெளியே சொன்னால் ஊர் கொதிக்கும் என்று அவர் அஞ்சிய கருத்து அது. ஹூக்கர் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினார்.

சிக்கிம் மலையில்

தென்துருவத்தைப் பார்த்தவருக்கு அடுத்து வெப்ப நாட்டு மலைகளைப் பார்க்க ஆசை. 1847 நவம்பரில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பெண் பார்த்து நிச்சயமாகியிருந்தது. பிரான்சஸ் ஹென்ஸ்லோ என்ற அந்தப் பெண், டார்வினின் ஆசிரியரின் மகள். திருமணத்துக்கு அவர் 1851 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1848 ஏப்ரலில் ஹூக்கர் டார்ஜிலிங் சேர்ந்தார். வெள்ளைக்காரர்கள் சிக்கிம் மன்னரிடமிருந்து 1835இல் பெற்ற மலை நகரம் அது. பக்கத்தில் இருந்த சிக்கிம் அன்று தனி நாடு. அதன் மலைகளில் என்ன செடி இருக்கிறது என்று ஐரோப்பாவில் எவருக்கும் சரியாகத் தெரியாது. அந்நியரை உள்ளே விட சிக்கிம் அரசவைக்கு விருப்பமில்லை. டார்ஜிலிங் பொறுப்பாளர் ஆர்ச்சிபால்ட் கேம்பல் பலமுறை நெருக்கிய பிறகே அனுமதி கிடைத்தது.

1848 அக்டோபர் இறுதியில் கிழக்கு நேப்பாளம் வழியாகச் சென்ற முதல் பெரிய பயணத்தில் ஹூக்கரோடு மொத்தம் 56 பேர் நடந்தார்கள். லெப்சா, பூட்டியா மக்களும் நேப்பாளக் காவலர்களும் அதில் இருந்தார்கள். கூடாரம், அரிசி, செடிகளை அழுத்தி உலர்த்தும் காகிதக் கட்டுகள் எல்லாம் மனிதர் முதுகில்தான் போயின. மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். மேலே போனால் மூச்சு முட்டும், தலை வலிக்கும். காகிதம் நனைந்தால் பல நாள் உழைப்பு பாழாகும். மரத்தில் ஏறிப் பூப் பறித்ததும், இரவில் நெருப்பருகே காகிதத்தைக் காய வைத்ததும் லெப்சா இளைஞர்கள். அவர்களின் சுறுசுறுப்பையும் செடியறிவையும் ஹூக்கர் தம் நூலில் பாராட்டியிருக்கிறார்.

அங்கே அவர் கண்ட ரோடோடென்ட்ரான்கள் ஏறத்தாழ 30 வகை. பெரும்பாலானவை அறிவியலுக்குப் புதியவை. ஒவ்வோர் உயரத்திலும் ஒவ்வொரு வகை இருந்தது. டார்ஜிலிங் பக்கத்துக் காட்டில் ஒரு வகை, பெரிய மரங்களின் கிளையில் ஒட்டி வளர்ந்து அல்லிபோன்ற வெள்ளைப் பூக்களை மணத்தோடு தொங்கவிட்டது. நடு உயரத்தில் இன்னொன்று, இலையின் அடிப்பக்கம் பழுப்புக் கம்பளி போர்த்தியதுபோல மரமாக நின்றது. அதற்கும் மேலே, பனி விழும் வெட்டவெளியில், சின்னஞ்சிறு இலைகளோடு தரையில் படர்ந்து ஊதாப் பூப் பூத்தது மற்றொன்று. அந்தக் கடைசி வகை 5,000 மீட்டருக்கு மேலும் வளரும்.

மலை மக்கள் இந்தச் செடிகளை அழகுக்காக மட்டும் பார்க்கவில்லை. ஒரு வகையின் கட்டையில் கிண்ணமும் கரண்டியும் கடைந்தார்கள். அதன் அகன்ற இலையில் வெண்ணெய் பொதிந்தார்கள். மணமுள்ள இன்னொரு வகையின் இலையைச் சாம்பிராணிபோல வழிபாட்டில் புகைத்தார்கள். ஹூக்கர் இந்தப் பயன்களையும், கேட்டறிந்த உள்ளூர்ப் பெயர்கள் சிலவற்றையும் குறித்துக்கொண்டார்.

சிறையும் அதன் விளைவும்

1849 நவம்பரில் நிலைமை மாறியது. ஹூக்கரும் கேம்பலும் திபெத் எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்பியிருந்தார்கள். சிக்கிம் திவானின் ஆட்கள் இருவரையும் பிடித்தார்கள். கேம்பல் அடி வாங்கினார். ஹூக்கரை அடிக்கவில்லை, ஆனால் காவலில் வைத்தார்கள். டிசம்பர் இறுதியில்தான் விடுதலை. காவலில் நடத்திச் செல்லப்பட்ட வழியிலும் அவர் ரோடோடென்ட்ரான் விதை சேகரிப்பதை நிறுத்தவில்லை.

இதற்குச் சிக்கிம் கொடுத்த விலை பெரிது. டார்ஜிலிங்கிற்காக மன்னருக்குக் கொடுத்துவந்த ஆண்டுத் தொகையை வெள்ளைக்கார அரசு நிறுத்தியது. 1850இல் சிக்கிமின் தெற்குத் தாழ்நிலத்தைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டது. ஹூக்கர் நிலம் பறிக்கப் போனவர் அல்லர், செடி தேடிப் போனவர். ஆனால் அவர் பின்னால் ஒரு பேரரசு நின்றது. அவர் போன இடங்களுக்கு அதன் நிழலும் கூடவே போனது.

யார் பெயர் எந்தப் பூவில்

ஹூக்கர் இமயத்தில் நடந்துகொண்டிருந்தபோதே, 1849இல் லண்டனில் சிக்கிம் ரோடோடென்ட்ரான்கள் பற்றிய அவருடைய நூலின் முதல் பகுதி வெளிவந்துவிட்டது. மகன் அனுப்பிய ஓவியங்களையும் குறிப்புகளையும் தந்தை பதிப்பித்தார். வால்டர் ஃபிட்ச் என்ற ஓவியர் அவற்றை 30 வண்ணப் படங்களாக வரைந்தார். 1851க்குள் மூன்று பகுதிகளும் முடிந்தன. விதைகளைக் கியூ பல தோட்டங்களுக்குப் பகிர்ந்தது. குளிரும் ஈரமும் கலந்த கார்ன்வால், ஸ்காட்லாந்து மேற்குக் கரை போன்ற இடங்களில் அவை நன்றாகப் பிடித்தன. செல்வர் வீட்டுத் தோட்டங்களில் ரோடோடென்ட்ரான் வைப்பது பெருமையாகிவிட்டது.

புதிய வகைக்குப் பெயர் சூட்டும் உரிமை அதை முதலில் விவரிப்பவருக்கு. மரக்கிளையில் பூத்த வெள்ளை வகைக்கு, இந்தியத் தலைமை ஆளுநர் டல்ஹௌசியின் மனைவி பெயரை வைத்தார் ஹூக்கர். தமக்கு வீட்டில் இடம் கொடுத்த ஹாட்ஜ்சனுக்கு ஒன்று, கேம்பலின் மனைவிக்கு ஒன்று, உடன் பயணித்த தாம்சனுக்கு ஒன்று. சென்னை மாகாணத்தில் பல்லாண்டு வேலைசெய்து தென்னிந்தியச் செடிகளை ஆராய்ந்த ராபர்ட் வைட்டுக்கும் ஒன்று.

மரமேறிய லெப்சா இளைஞர் ஒருவர் பெயரும், சுமை தூக்கிய பூட்டியா ஒருவர் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை. அன்றைய வழக்கம் அதுதான். ஹூக்கர் மட்டும் அப்படிச் செய்தார் என்று சொல்ல முடியாது.

அவர் பெயரிட்டதற்கு முன்பே இந்தக் கூட்டத்துக்கு மலை மக்களிடம் பெயர்கள் இருந்தன. சிவப்பு ரோடோடென்ட்ரானை நேப்பாளத்தில் லாலிகுராஸ் என்பார்கள். இன்று அது அந்த நாட்டின் தேசிய மலர். அதே மரத்தின் உறவு நீலகிரியிலும், இலங்கை மலையகத்தின் ஹோர்ட்டன் சமவெளியிலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதற்குக் காட்டுப்பூவரசு என்று பெயர். பூவரசு தெரிந்த எவருக்கும் அந்தப் பெயர் உடனே மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஹூக்கரின் சொந்தப் பெயரிலும் ஒரு செய்தி உண்டு. அவர் பெயரிட்ட ஆயிரக்கணக்கான செடிகளின் அறிவியல் பெயருக்குப் பின்னால் ஹூக்கரின் மகன் என்று சுருக்கமாகக் குறிப்பார்கள். தந்தையும் பெரிய தாவரவியலாளர் என்பதால் குழப்பம் வராமல் இருக்க இந்த ஏற்பாடு. நம் அடையாள அட்டையில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று வருவதுபோலத்தான்.

நம் மலைகளின் பூக்கள்

ஹூக்கர் குடும்பத்தின் கைக்கு நம் நாட்டு ரோடோடென்ட்ரான்களும் போய்ச் சேர்ந்தன. ஒபீர் மலை என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த லேடாங் மலையில் கிடைத்த ஒரு வகைக்கு 1850இல் தந்தை வில்லியம் பெயர் வைத்தார். மல்லிகைபோலப் பூப்பதால் மல்லிகைப் பூ ரோடோடென்ட்ரான் என்பது அந்தப் பெயரின் பொருள்.

1851இல் ஹியூ லோ என்ற அதிகாரி கினாபாலு மலையில் ஏறினார். இன்றும் அந்த மலையின் உச்சி லோ சிகரம் என்றே அழைக்கப்படுகிறது. அங்கே அவர் சேகரித்தவற்றில் மஞ்சளாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் ஒன்றுக்கு, அடுத்த ஆண்டே மகன் ஹூக்கர் லோவின் பெயரைச் சூட்டினார். இந்த ஹியூ லோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 25 ஆண்டுகள் கழித்து இருவர் பெயரும் மீண்டும் ஒன்றாக வருகிறது.

கியூவிலிருந்து வந்த கன்றுகள்

1865இல் தந்தை இறந்ததும் ஜோசப் ஹூக்கர் கியூவின் இயக்குநரானார். அப்போது கியூ வெறும் பூங்கா அல்ல. எந்தப் பயிரை எந்தக் குடியேற்ற நாட்டில் நட்டால் இலாபம் என்று பார்த்து, விதையையும் கன்றையும் கப்பலேற்றிய இடம் அது.

1876 ஜூனில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. அங்கே அவற்றை நட்டவர், அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த அதே ஹியூ லோ. கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தருகே வேலியிட்டுப் பாதுகாக்கப்படும் முதிய ரப்பர் மரம் அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தது.

முதல் இருபது ஆண்டு எவரும் அந்த மரத்தைப் பெரிதாக மதிக்கவில்லை. காப்பி விலை சரிந்து, மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டபோது எல்லாம் மாறியது. காடுகள் அழிந்து தோட்டங்களாயின. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். விடியும் முன் எழுந்து பால்மரம் சீவிய தலைமுறை அப்படி உருவானது. 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டபோது ஹூக்கர் உயிரோடுதான் இருந்தார்.

கடைசிக் காலம்

ஹூக்கரின் சொந்த வாழ்க்கையில் துயரங்களும் இருந்தன. 1863இல் ஆறு வயது மகளைப் பறிகொடுத்தார். முன்பே ஒரு மகளை இழந்திருந்த டார்வினிடம்தான் அந்தத் துக்கத்தைப் பகிர்ந்துகொண்டார். 1874இல் மனைவி பிரான்சஸ் திடீரென்று இறந்தார். இரண்டாண்டு கழித்து மறுமணம் செய்துகொண்டார்.

வேலை மட்டும் நிற்கவில்லை. 1873 முதல் 1878 வரை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தார். இந்தியா முழுவதன் செடிகளையும் விவரிக்கும் ஏழு தொகுதி நூலை 1872இல் தொடங்கி 1897இல் முடித்தபோது வயது 80. மலாயாத் தீபகற்பத்தின் செடிகளும் அந்த நூலில் உண்டு. 1885இல் கியூ பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1911 டிசம்பர் 10ஆம் நாள், 94 வயதில் காலமானார். நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர முன்வந்தார்கள். ஆனால் அவர் விரும்பியபடி கியூவில் தந்தைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஒவ்வோர் இளவேனிலிலும் கியூவின் ரோடோடென்ட்ரான் பள்ளத்தாக்கில் அவர் கொண்டுவந்த வகைகளின் வழிவந்த செடிகள் பூக்கின்றன.

ஹூக்கர் எதையும் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர். எந்தச் செடி, எந்த இடம், எத்தனை அடி உயரம், எந்த நாள் என்று ஒவ்வொன்றையும் குறித்தார். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அந்தச் செடிகளின் வரலாறு தெளிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். அவரோடு நடந்த 56 பேரில் பெரும்பாலோரைப் பற்றி அப்படிக் குறித்து வைக்க எவரும் இல்லை.

நம் தோட்டத்து மக்களின் கதையும் ஏறக்குறைய அதுவே. கோலகங்சார் மரத்தை நட்ட ஆண்டு தெரிகிறது. நம் கொள்ளுப்பாட்டி எந்த ஆண்டு கப்பலேறினார், எந்த ஊர், முதலில் எந்தத் தோட்டத்து லயத்தில் குடியிருந்தார் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இல்லை. பல தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்களும் இடிக்கப்பட்டுவிட்டன. ஆனால் பால்மரம் சீவிய பாட்டிகளும் தாத்தாக்களும் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். இந்தப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்து, பெயர், ஊர், தோட்டம், ஆண்டு ஆகிய நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.